மறுத்தல் வேறு, வெறுத்தல் வேறு

(விடுதியில் மதம் பேசுவது பற்றி ஒரு சிறு ஆய்வு)
மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு நாம் பேசாத பொருள் ஏதாவது உண்டா? கிரிக்கெட் பேசுகிறோம். புதுப்படம் பேசுகிறோம். அரியர் எத்தனை, கேம்பஸுக்கு எந்தக் கம்பெனி வரும், வந்தால் எத்தனை பேரை எடுக்கும் என்று விடிய விடியப் பேசுகிறோம். அரசியல்கூட ஓரளவு பேசிவிடுகிறோம். மதம், கடவுள் என்று வந்தால் மட்டும் "அத விடுப்பா, வேற பேசு" என்று யாராவது ஒருவர் முடித்து வைத்துவிடுகிறார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறதா? இல்லை. அவரவர் அறைக்குள் போய், தன் ஆட்களோடு மட்டும் உட்கார்ந்து, அடுத்தவனைப் பற்றி வேறு மாதிரி தொடர்கிறது. செல்போனில் வரும் துணுக்குகள் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகின்றன. நேருக்கு நேர் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் சந்தேகம், கேட்காததால் மூன்று வருடமும் கூடவே இருந்து, கடைசியில் டிப்ளமோ சர்டிபிகேட்டோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது!

ஆகவே பேசலாமா கூடாதா என்பதை விட்டுவிட்டு, எப்படிப் பேசுவது என்று பார்ப்போம். நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கும் ஒரே ஒரு பீரோவில் படித்ததையும், விடுதியில் நடந்த ஒன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஓர் இளம்பெண்ணும் பத்து வாதிகளும்

பத்தாம் வகுப்பில் ஐம்பெருங்காப்பியம் எவை என்று ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் மொத்தம் 30 காதைகள். அவற்றில் 27-வது 'சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை'. வஞ்சி நகரத்தில் அவரவர் சமயத்தைப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் மணிமேகலை ஒவ்வொருவராகப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேர். (சாங்கியன் தத்துவங்களை வரிசையாக அடுக்கும் இடம் நம்ம தியரி பேப்பர் மாதிரியே இருக்கும். பொறுமையாகப் படிக்க வேண்டும்.)

இதில் என்னைக் கவர்ந்தது வேறு. அவள் தன் சொந்த உருவத்தில் போகவில்லை. நீ இளையவள், பெண் என்பதால் யாரும் உனக்கு உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள், ஆகவே வேற்றுருக் கொண்டு போ என்று அவளுக்கு முன்பே சொல்லப்படுகிறது. அதன்படி ஆண் துறவி வேடத்தில் போகிறாள். சாத்தனார் காலத்திலேயே இளைஞர்கள் சமயம் கேட்டால் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது! இன்றும் வீட்டில் "ஏம்மா இப்படிக் கும்பிடறோம்?" என்று கேட்டால் "கேள்வி கேக்காம கும்பிடு" என்றுதானே பதில் வருகிறது?

மணிமேகலை பெரும்பாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறாள். கடைசியில் வரும் பூதவாதியிடம்தான் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி போடுகிறாள். பூவும் வெல்லமும் சேர்த்து ஊறப்போட்டால் போதை பிறப்பது போல, பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, கண்ணால் கண்டதே மெய், ஊகித்து அறிவதை ஏற்கமாட்டேன் என்கிறான் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று கேட்கிறாள். பிறந்ததை யார்தான் பார்த்தது?

ஒன்றை மறைக்கக் கூடாது. சாத்தனார் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அல்லர். அவர் பௌத்தத்தின் பக்கம். காப்பியம் போய்ச் சேரும் இடமும் பௌத்த தருமம்தான். ஆனாலும் தான் ஏற்காத பத்துப் பேர் கொள்கையையும் அவரவர் வாயாலேயே சொல்லவிட்ட பிறகுதான் மேலே போகிறார்.

இது அவர் ஒருவருடைய பழக்கம் மட்டும் அன்று. 13-ம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதியாக உள்ளது. பரபக்கம் முதலில், சுபக்கம் பிறகு. அதாவது முதலில் பிறருடைய கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பு, அதன் பிறகே தன் சைவ சித்தாந்தம். அடுத்தவன் என்ன சொல்கிறான் என்று தெரியாமல் மறுப்பது பாடம் படிக்காமல் பரீட்சை எழுதுவது போல என்று அக்காலத்து ஆசிரியர்கள் நினைத்திருக்கிறார்கள்.

குண்டலகேசி பௌத்த நூல். அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி. நீலகேசியில் கேலி அதிகம், மணிமேகலையின் பொறுமை அதில் இல்லை. ஆனால் விசித்திரத்தைப் பாருங்கள். குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிச்சம். அந்த நூலைப் பற்றி நமக்குத் தெரிகிற செய்திகளில் ஒரு பங்கு நீலகேசியும் அதன் உரையும் காப்பாற்றிக் கொடுத்தவை. மறுக்க வந்தவர், மறுக்கப்பட்டவரின் பேச்சைச் சரியாகக் குறித்து வைத்ததால் வந்த லாபம் இது!

சர்க்கரைப் பொங்கல்

இனி விடுதிக் கதை. மாசி மாதம் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். திரும்பி வரும்போது தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தேன். ஆர்.சி. நண்பர் ஒருவர் வாங்கிச் சாப்பிட்டார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் நண்பர் மட்டும், "வேணாம்பா, சாமிக்குப் படைச்சத நான் சாப்புடறதில்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது உண்மை. ஆனால் கோபம் வந்தது எனக்கு அல்ல, என் பக்கத்து ஊர்க்கார நண்பனுக்கு. "எங்க சாமி என்ன பேயா? வெஷமா வெச்சிருக்கோம்?" என்று ஆரம்பித்தான். வார்த்தை தடித்தது. தட்டு பறந்தது. ஒரே லேத்தில் மாறி மாறி ஜாப் போட்டவர்கள் இருவரும், மறுவாரம் தனித்தனி பேட்ச் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இனி ஹாஸ்டலில் மதப் பேச்சு கூடாது என்று உத்தரவும் வந்தது.

உத்தரவு போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, பயம் நியாயமானது. ஆனால் அந்த உத்தரவால், ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்விக்குப் பதில் வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து நானே போய்க் கேட்டேன். அவர் தன் பைபிளை எடுத்து, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 8-ம் அதிகாரத்தைக் காட்டினார். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது கிறிஸ்தவம் தோன்றிய காலத்திலேயே எழுந்த கேள்வியாம்! விக்கிரகம் ஒன்றுமே இல்லை, ஆகவே சாப்பிட்டால் என்ன என்ற பேச்சும் அங்கே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து இன்னொரு சகோதரன் இடறுவான் என்றால் சாப்பிடாதிரு என்ற பேச்சும் இருக்கிறது. ஆர்.சி. நண்பர் சாப்பிட்டதற்கும் இவர் மறுத்ததற்கும் காரணம் புரிந்தது. பக்கத்தில் இருந்த முஸ்லிம் நண்பர், "எங்களுக்கும் அல்லாஹ் பேர் இல்லாம வேற பேர் சொல்லி அறுத்தது ஆகாது. அன்னிக்கு நான் ரூம்ல இல்ல, இருந்திருந்தா நானும் மாட்டியிருப்பேன்" என்று சிரித்தார்.

அப்போதுதான் எங்கள் ஊர் வழக்கமே ஞாபகத்துக்கு வந்தது. சில காவல் தெய்வக் கோயில்களில் கிடா வெட்டிச் சமைத்த சோற்றை எல்லை தாண்டி எடுத்துப்போகக் கூடாது. பெண்கள் சாப்பிடக் கூடாத படையலும் உண்டு. சாப்பாட்டில் சாமிக்கு ஒரு விதி வைத்திருக்கும் நாம், அடுத்தவர் தன் சாமிக்காக வைத்திருக்கும் விதியைக் கண்டு கோபப்படுவது எப்படி?

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விட முடியாது. கிராமத்தில் இன்னொரு மறுப்பும் தலைமுறை தலைமுறையாக உண்டு. இன்னார் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்பது. அதுவும் மறுப்புதான், அதற்கும் சாஸ்திரம் காட்டுவார்கள். இதுவும் அதுவும் ஒன்றா? இல்லை என்பது என் கருத்து. அந்த மறுப்பு ஆளைப் பார்த்து வருவது. பொருள் எதுவானாலும் அந்தக் கையிலிருந்து வேண்டாம் என்பது. பெந்தெகொஸ்தே நண்பர் மறுத்தது படையலை. என் அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கை, தீபாவளிக்கு முந்தின வாரம், அதே கையால் அதே தூக்குச்சட்டியிலிருந்து எடுத்துத் தின்றவர்தான் அவர். பொருளை மறுக்கிறாரா, ஆளை மறுக்கிறாரா என்று பார்த்தால் பாதிச் சண்டை வராது.

நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படி ஒரு வழக்கைப் பார்த்திருக்கிறது. 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடவில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள். கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கைப்படி பாட மட்டும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1986 ஆகஸ்டில் பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நின்றவர்கள் அவமதித்தவர்கள் ஆகமாட்டார்கள், அவர்களை வெளியேற்றியது பேச்சுரிமைக்கும் மனச்சாட்சி உரிமைக்கும் விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். அரசியலமைப்பின் 25-வது பிரிவு தருகிற மனச்சாட்சிச் சுதந்திரம் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. கடவுளே இல்லை என்று சொல்பவருக்கும் அந்த மனச்சாட்சி உண்டு.

"எல்லாம் ஒண்ணுதான்"

சண்டையைத் தீர்க்க வந்த சீனியர் ஒருவர், "எல்லா மதமும் ஒண்ணுதாம்பா, எல்லா நதியும் கடலுக்குத்தான் போகுது" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு முஸ்லிம் நண்பர் என்னிடம் தனியாகச் சொன்னார். "அவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா நாங்க சொல்றது ஒண்ணு இல்லப்பா. ஒரே இறைவன், இணை வைக்கக்கூடாதுங்கறோம். நீங்க உங்க ஊர்லயே இருபத்தோரு பந்தி தெய்வம் வெச்சிருக்கீங்க. இது ரெண்டும் ஒண்ணுன்னா, நான் சொன்னத அவரு காதுலயே வாங்கலன்னு அர்த்தம்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 'எல்லாம் ஒன்று' என்பது அழகான வாசகம். ஆனால் அதைச் சொன்னவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் எல்லா மதத்தாரும் போகிறார்கள், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூர் தர்காவுக்கு மனோரா கட்டிக் கொடுத்தார் என்பதெல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியது. ஆனால் கட்டிக் கொடுத்தவர் மதம் மாறிவிடவில்லை, தர்காவும் கோயில் ஆகிவிடவில்லை. குன்றக்குடி அடிகளாரும் தந்தை பெரியாரும் ஒரே மேடையில் பேசினார்கள், நட்பாக இருந்தார்கள். ஒருவர் திருநீறு அணிந்த மடாதிபதி, மற்றவர் கடவுள் மறுப்பாளர். கடைசி வரை ஒருவரும் மாறவில்லையே!

புதன்கிழமைகள்

அதன் பிறகு சிலர் சேர்ந்து புதன்கிழமை இரவில் உட்கார ஆரம்பித்தோம். அனுமதி பெற்றுத்தான். பரபக்கத்தைப் படித்த தைரியத்தில் நான் ஒரே ஒரு விதி சொன்னேன். அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். சொல்வதற்கு எளிது, செய்து பாருங்கள்! முதல் வாரம் பாதி நேரம் "நான் அப்படிச் சொல்லல" என்பதிலேயே போயிற்று.

முதலில் லேசான விஷயமாக, பண்டிகைத் தேதிகளை எடுத்துக்கொண்டோம். ரம்ஜான் ஏன் வருடா வருடம் முந்தி வருகிறது? இஸ்லாமிய ஆண்டு முழுக்கச் சந்திரக் கணக்கு. ஏறக்குறைய 354 நாள். சூரிய ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் குறைவு. அதனால் நோன்பு சுமார் 33 வருடத்தில் கோடை, மழை, பனி எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிடும். நம் தமிழ் மாதம் சூரியக் கணக்கு, திதி சந்திரக் கணக்கு. பொங்கல் தை பிறக்கும்போது வருவதால் ஜனவரி நடுவை விட்டு நகராது. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருவதால் கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். ஈஸ்டர் மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. அதனால்தான் 2024-ல் பங்குனிப் பௌர்ணமி மார்ச் 25-லும் ஈஸ்டர் மார்ச் 31-லும் வந்தன. மூன்று பேரும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், கணக்குதான் வேறு வேறு. அன்று பத்தரை மணிக்கும் யாரும் எழுந்து போகவில்லை.

கடவுள் மறுப்பாளரான எலக்ட்ரிகல் நண்பரிடம் மணிமேகலை பூதவாதியைக் கேட்ட கேள்வியை வீசினோம். அவர் அசரவில்லை. "நான் அனுமானத்த ஒத்துக்கறேனே! கரண்ட்ட யாரு கண்ணால பாத்தது? ஆனா மீட்டர் வெச்சா முள்ளு ஆடும். உங்க சாமிக்கு மீட்டர் என்ன?" என்றார். ஒருவர் மனநிம்மதி என்றார், இன்னொருவர் உலகத்தின் ஒழுங்கு என்றார். "நிம்மதி எனக்கும்தான் வருது, இளையராஜா பாட்டு கேட்டா" என்று அவர் விடவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நோன்புக் காலத்தில் சஹருக்கு எழுப்பிவிடும்படி அலாரம் வைத்துக்கொண்டு, முஸ்லிம் நண்பரின் கதவைத் தட்டியவர் இவர்தான்.

எனக்கு வேறு கஷ்டம். அவர்களிடம் புத்தகம் இருக்கிறது, அதிகாரம், வசனம் என்று எண் சொல்கிறார்கள். கடவுள் மறுப்பாளரிடம்கூடப் பெரியாரின் தொகுதிகள் இருக்கின்றன. எங்கள் கருப்பசாமிக்குப் புத்தகம் ஏது? வீட்டில் கல்லூரி வரை வந்தவன் நான் ஒருவன், எழுதி வைக்க யார் இருந்தார்கள்? லீவில் தாத்தாவிடம் கேட்டேன். "பொய்ச் சத்தியம் பண்ணாத, எல்லைய மீறாத. அவன் முழிச்சிட்டுதான் இருக்கான்" என்றார். அவ்வளவுதான் எங்கள் வேதம். பிறகு நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்கள், தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' முதலியவற்றைத் தேடிப் படித்தேன். முத்துப்பட்டன், மதுரை வீரன், காத்தவராயன் என்று நம் சாமிகளில் பலர் கொல்லப்பட்ட மனிதர்கள். சாதி மீறிக் காதலித்தவர்கள், காவல் காத்துச் செத்தவர்கள். அநியாயமாகச் செத்தவனைக் கும்பிடுவது என்று புதன்கிழமை சொன்னபோது, பெந்தெகொஸ்தே நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிலுவையும் அநியாயத் தீர்ப்புதான். ஆனா அவரு உயிர்த்தெழுந்தாருங்கறதுதான் எங்க விசுவாசம். அது இல்லன்னா ஒண்ணுமில்ல" என்றார். எங்கே சேர்கிறோம், எங்கே பிரிகிறோம் என்பது இரண்டே வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

கடினமான கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. அதை நான்தான் கேட்டேன். "உங்க நம்பிக்கைப்படி விசுவாசிக்காதவங்களுக்கு ரட்சிப்பு இல்ல. அப்ப எங்கம்மா?" என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர். அறையில் பேச்சு மூச்சு இல்லை. அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "வேதத்துல அப்படித்தான் இருக்கு, இல்லன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல. உங்க அம்மாவுக்காக நான் தினமும் ஜெபம் பண்றேன்" என்றார். முஸ்லிம் நண்பரும், "எங்க பதிலும் அதுக்குப் பக்கத்துலதான் வரும். முடிவு அவன் கையில" என்றார். எலக்ட்ரிகல் நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. என் அம்மாவை அனுப்பாத சொர்க்கம் எனக்குத் தேவையில்லை என்று அன்றே சொன்னேன். "ஆமா, நீ சொல்றது அதுதான்" என்று விதிப்படி திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்டார். என் முகத்துக்காகப் பொய் சொல்லாமல் இருந்தாரே, அதனால் அவர் மேல் மரியாதை கூடியது என்பதையும் எழுதத்தான் வேண்டும். இருவரும் இப்போது ப்ராஜெக்டில் ஒரே பேட்ச்.

தட்டு பறந்த அன்று கோபப்பட்ட ஊர்க்கார நண்பன் மட்டும் இதுவரை ஒரு புதன்கிழமையும் வரவில்லை. கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூனியர்கள் கவனத்துக்கு: நாங்கள் படிப்பு முடிந்து போகிறோம். இரண்டாம் ஆண்டு சிவில் நண்பர்கள் தொடர்ந்து நடத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதன்கிழமை இரவு ஒன்பது மணி, இரண்டாவது மாடி கடைசி அறை. செல்போனை வெளியே வைத்துவிட்டு வரவும். தண்ணீர் பாட்டில் எடுத்து வரவும், அந்த மாடியில் ராத்திரியில் குழாய் வராது.